மலையகக் கடைகளின் கணக்கை மலையகப் பிள்ளைகளே எழுதலாம்

ஆசிரியர் அவர்களுக்கு,

க.பொ.த. உயர்தரப் பெறுபேறுகள் வெளியாகும் ஒவ்வொரு முறையும் மலையக மாணவரின் சித்திகளைத் தங்கள் பத்திரிகை பெருமையோடு வெளியிடுகிறது. வேலை தேடிக் கொழும்புக்கு இறங்கும் எங்கள் பிள்ளைகளைப் பற்றிய கவலையும் அதே பக்கங்களில் தொடர்ந்து வெளிப்படுகிறது. இவ்விரண்டுக்கும் நடுவே யாரும் அதிகம் பேசாத ஒரு தொழில் வழி இருப்பதாக நான் நம்புவதால் இக்கடிதத்தை எழுதுகிறேன். வர்த்தகப் பிரிவில் கணக்கீடும் பொருளியலும் வணிகக் கல்வியும் படித்துச் சித்தியடைந்தும் பல்கலைக்கழக அனுமதி கிடைக்காத பிள்ளைகள், புறக்கோட்டை மொத்தக் கடைகளில் பில் எழுதப் போய், வாங்கும் சம்பளத்தில் பெரும் பங்கை அறை வாடகைக்கும் சாப்பாட்டுக்கும் கொடுத்துக்கொண்டிருக்கிறார்கள். அவர்கள் பிறந்த தோட்டங்களுக்குப் பக்கத்திலுள்ள ஹட்டன், தலவாக்கலை, பொகவந்தலாவை, மஸ்கெலியா, இராகலை, பண்டாரவளை, ஹப்புத்தளை ஆகிய நகரங்களிலோ, ஒழுங்கான கணக்கேடு ஒன்றுகூட இல்லாமல் எத்தனையோ கடைகள் நடக்கின்றன. அந்தப் பிள்ளைகளையும் இந்தக் கடைகளையும் சேர்த்துவைக்க ஒருவரும் முயலவில்லை என்பதே என் ஆதங்கம்.

கொழும்பில் ஒரு மொத்த வியாபார நிறுவனத்தின் கணக்குப் பிரிவில் சில ஆண்டுகள் வேலை செய்துவிட்டுக் குடும்ப நிலைமை காரணமாக ஊர் திரும்பியவள் நான். இப்போது டிக்கோயாவிலும் ஹட்டனிலும் சில கடைகளுக்கும் ஒரு பேக்கரிக்கும் ஒரு சிறு விடுதிக்கும் மாதாந்தம் கணக்கெழுதிக் கொடுத்து வாழ்கிறேன். எவருக்கும் ஊழியராக இல்லாமல், பலருக்குச் சுதந்திரமாகக் கணக்குப் பதிவு செய்து கொடுக்கும் இத்தொழிலைப் பற்றி இளையோர் என்னிடம் கேட்கும் முதற் கேள்வி, "முதல் வாடிக்கையாளரை எப்படிப் பிடிப்பது, அக்கா?" என்பதுதான். அதற்கு ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகப் பதில் சொல்வதைவிடத் தங்கள் பத்திரிகை வழியாகச் சொல்வது பலருக்குப் பயன்படும்.

முதலில், எங்கள் நகரத்துக் கடைக்காரருக்குக் கணக்குப் பதிவாளர் உண்மையில் தேவைப்படுகிறாரா என்ற சந்தேகத்தைத் தீர்க்க வேண்டும். நான் கணக்கெழுதும் ஒரு பலசரக்குக் கடையை எடுத்துக்கொள்கிறேன். அந்த முதலாளி ஒரு தடித்த சீ.ஆர். கொப்பியில் கடன் எழுதி வைத்திருந்தார். ஒரு குடும்பத்துக்கு ஒரு பக்கம், பக்கத்தின் மேலே குடும்பத் தலைவரின் பெயர், தோட்டத்தின் டிவிசன் (பிரிவு), லயத்து (தொழிலாளர் வரிசை வீட்டு) இலக்கம். தோட்டங்களில் மாதச் சம்பளம் 10 ஆம் திகதியையொட்டிக் கொடுக்கப்படுவதால், அதற்குப் பிந்திய சில நாட்களில்தான் அந்தக் கொப்பியின் பக்கங்கள் குறுக்குக்கோடு போட்டு அடிக்கப்படும். மாதத்தின் பிற்பகுதி முழுவதும் சரக்கு கடனில்தான் போகும். இதற்கு மாறாக, சவர்க்காரமும் பால்மாவும் பிஸ்கட்டும் கொண்டுவந்து இறக்கும் கம்பனிப் பிரதிநிதிகள், சரக்கு இறக்கிய நாளிலிருந்து ஒரு மாதம் தள்ளித் திகதியிட்ட செக்குகளை வாங்கிக்கொண்டு போவார்கள். அந்தத் திகதி 3 ஆகவும் இருக்கும், 6 ஆகவும் இருக்கும். அந்த நாட்களில் வங்கிக் கணக்கில் பணம் இராது; மனைவியின் சங்கிலி அடகுக் கடைக்குப் போகும், அல்லது செக் திரும்பிவரும். "பிள்ளை, கடையில காசு இருக்கு, கையிலதான் இல்ல" என்று அவர் என்னிடம் சொன்னது அவருடைய தொழிலின் மிகச் சரியான விவரணம்.

நான் செய்தது பெரிய வித்தை எதுவுமில்லை. மூன்று மாதத்து வங்கிக் கூற்றையும் செக் புத்தகத்தின் அடிக்கட்டைகளையும் கடன் கொப்பியையும் பக்கத்தில் வைத்து, ஒரு பக்கத்தில் பணம் வந்த நாட்களையும் மறுபக்கத்தில் செக் விழுந்த நாட்களையும் திகதி வரிசையில் எழுதிக் காட்டினேன். கடை ஒவ்வொரு மாதமும் இலாபத்தில்தான் ஓடியது; பணம் வருவதற்கு ஒரு வாரம் முன்னதாகவே செக்குகள் விழுந்துகொண்டிருந்தன என்பது அந்தத் தாளில் பளிச்சென்று தெரிந்தது. அடுத்த முறை பிரதிநிதிகள் வந்தபோது, செக்குகளுக்கு 13 ஆம் திகதிக்கும் 18 ஆம் திகதிக்கும் இடைப்பட்ட ஒரு திகதியைப் போட இணங்குமாறு முதலாளி கேட்டுக்கொண்டார். நிச்சயமாகப் பணமாகும் செக் என்பதால் பெரும்பாலானோர் இணங்கினார்கள். கூடவே, கடன் கொப்பியிலிருந்த நிலுவைகளை ஒரு மாதத்துக்கு உட்பட்டவை, மூன்று மாதம் வரையானவை, அதற்கும் மேற்பட்டவை என்று பிரித்துக் கொடுத்தேன். எவரிடம் இனிக் கடன் நீட்டக்கூடாது, எவரிடம் சிறு சிறு தொகையாக வாங்கிக்கொள்ளலாம் என்பதை அவரே தீர்மானித்தார். உயர்தர வகுப்பில் காசேடும் (பண வரவு செலவு எழுதும் ஏடு) வங்கி இணக்கக் கூற்றும் (காசேட்டை வங்கிக் கூற்றோடு ஒப்பிடும் தாள்) கடன்பட்டோர் பட்டியலும் படித்த எந்தப் பிள்ளைக்கும் இந்த வேலை கைக்கு எட்டியதுதான். தோட்டத்துச் சம்பள நாள் கடையின் கல்லாப்பெட்டியை எப்படி ஆட்டிவைக்கிறது என்பதை லயத்தில் வளர்ந்த பிள்ளைக்கு யாரும் சொல்லிக்கொடுக்க வேண்டியதில்லை; கொழும்பிலிருந்து வரும் கணக்காளருக்கு இது விளங்கவே பல மாதங்கள் பிடிக்கும்.

இதற்கடுத்து, சட்டத்தின் தேவை. ஊழியர் சேமலாப நிதிக்கு ஊழியரின் சம்பளத்திலிருந்து 8 வீதமும் தொழில் வழங்குநரின் பங்காக 12 வீதமும் சேர வேண்டும். ஊழியர் நம்பிக்கைப் பொறுப்பு நிதிக்குத் தொழில் வழங்குநர் தனியாக 3 வீதம் செலுத்த வேண்டும். மாதம் 30,000 ரூபா வாங்கும் ஒரு கடை உதவியாளருக்கு, அவரது சம்பளத்தில் 2,400 ரூபாவைக் கழித்து, முதலாளி தன் பங்காக 3,600 ரூபாவைச் சேர்த்து 6,000 ரூபாவைச் சேமலாப நிதிக்கும், மேலதிகமாக 900 ரூபாவை நம்பிக்கைப் பொறுப்பு நிதிக்கும் அனுப்ப வேண்டும் என்பதே கணக்கு. சேமலாப நிதிப் பணம் அடுத்த மாத இறுதிக்குள் போய்ச்சேராவிட்டால் 5 வீதத்தில் தொடங்கும் மேலதிகக் கட்டணம், தாமதம் ஓராண்டைக் கடக்கும்போது 50 வீதம் வரை ஏறுகிறது. 1958 ஆம் ஆண்டின் சட்டம் இது, புதிதாக வந்ததல்ல. தொழில் அலுவலகத்திலிருந்து கடிதம் வந்தபின் பழைய பாக்கியையும் மேலதிகக் கட்டணத்தையும் சேர்த்துக் கட்டுவதற்காகக் கடன் வாங்கிய முதலாளிமாரை எனக்குத் தெரியும். அதைவிட என் மனதை அரிப்பது அக்கடைகளில் வேலை செய்யும் எங்கள் பிள்ளைகளின் நிலைதான். பத்து வருடம் கல்லாவுக்குப் பின்னால் நின்றுவிட்டு, திருமணத்துக்கோ வீடு கட்டவோ நிதியைத் தேடிப் போகும் நாளில், தங்கள் பெயரில் எதுவுமே செலுத்தப்படவில்லை என்று அறிகிறார்கள். ஒரு நகரத்தில் நல்ல கணக்குப் பதிவாளர் இருப்பதால் முதலாளிக்கு வரும் நன்மையோடு, அவரிடம் வேலை செய்பவரின் உரிமையும் காக்கப்படுகிறது.

வருமான வரியைப் பற்றி எங்கள் கடைத்தெருக்களில் நிலவும் பயத்தில் பாதி, தெளிவின்மையால் வந்தது. மொத்த விற்பனைக்கே வரி என்று நினைப்பவர்கள் இன்னும் இருக்கிறார்கள். சரக்கின் கிரயம், வாடகை, சம்பளம், மின்சாரம், வட்டி முதலிய அனுமதிக்கப்பட்ட செலவுகள் போக மிஞ்சும் இலாபத்துக்கே வருமான வரி. அதிலும் 2025 ஏப்ரல் 1 முதல் தனிநபர் ஒருவரின் வருட வருமானத்தில் 18 இலட்சம் ரூபாவுக்கு நிவாரணம் உண்டு. ஆனால் செலவைக் காட்டும் சிட்டைகள் இல்லாதவர் அச்செலவை எப்படி நிரூபிப்பார்? பெறுமதி சேர் வரியோ இலாபத்தைப் பார்ப்பதில்லை. பதிவு செய்ய வேண்டுமா என்பதை விற்பனை அளவே தீர்மானிக்கிறது. 2024 ஜனவரி முதல் 18 வீதமாக உள்ள அவ்வரிக்குத் தான் உட்பட்டவரா என்பதை அறியவே நாளாந்த விற்பனைப் பதிவு தேவை. முதலாளியின் வீட்டுச் சாப்பாட்டுக்குக் கடையிலிருந்து போகும் அரிசியும் பருப்பும், பிள்ளையின் ரியூஷன் பணமும் எடுப்பனவு என்று தனியே எழுதப்படாத கடையில், இலாபம் என்ன என்பது கடவுளுக்குத்தான் தெரியும்.

இனி, முதல் வாடிக்கையாளர் எங்கிருந்து வருவார் என்ற கேள்விக்கு வருகிறேன். முகநூலில் ஒரு விளம்பரம் போட்டுவிட்டுக் காத்திருப்பதால் எங்கள் ஊரில் எவரும் வரமாட்டார்கள். கடைக் கணக்கு என்பது ஒரு குடும்பத்தின் உள்வீட்டு விஷயம். அதை ஒருவர் கையில் கொடுப்பதற்கு முன், அவர் யார் வீட்டுப் பிள்ளை, வாய் காப்பாரா, காசு விஷயத்தில் சுத்தமா என்று பார்ப்பார்கள். அப்படிப் பார்ப்பதில் தவறொன்றுமில்லை. ஆகவே, கணக்கு விஷயத்தில் தன் ஒழுங்கை ஊர் பார்க்கக்கூடிய ஓர் இடத்தில் முதலில் காட்டிவிட வேண்டும். எங்கள் தோட்டங்களில் அதற்குக் கோயிலைவிடப் பொருத்தமான இடம் வேறில்லை. திருவிழா முடிந்து நடக்கும் பொதுக்கூட்டத்தில் வரவு செலவு வாசிக்கப்படும்போது எழும் சச்சரவுகளை அறியாத மலையகத் தமிழர் யார்?

எங்கள் பகுதியில் வர்த்தகப் பிரிவில் படித்த ஒரு பெண்பிள்ளை, ஒரு வருடம் பொருளாளருக்கு உதவியாகத் திருவிழாக் கணக்கை எழுதினாள். பற்றுச்சீட்டுப் புத்தகங்களை இலக்க வரிசையில் வைத்து, பிழையாக எழுதப்பட்ட சீட்டுகளைக் கிழித்தெறியாமல் 'இரத்து' என்று குறித்து அதே இடத்தில் ஒட்டி, உபயகாரர் (திருவிழாச் செலவை ஏற்பவர்) கொடுத்த பணத்தையும் பொருளாகக் கொடுத்த அரிசி, எண்ணெய், பூ ஆகியவற்றையும் வெவ்வேறாகப் பதிந்து, மேளகாரருக்கும் மின்விளக்குக்காரருக்கும் கொடுத்த பணத்துக்குக் கையொப்பத்துடன் உறுதிச்சீட்டு வாங்கி வைத்தாள். கூட்டத்துக்கு இரண்டு நாள் முன்பே ஒரே தாளில் சுருக்கத்தை எழுதிக் கோயில் சுவரில் ஒட்டினாள். வழக்கமாக இரவு வரை நீளும் கூட்டம் அன்று பொழுதுபடுமுன் முடிந்தது. உபயகாரர்களில் ஒருவராக அங்கே அமர்ந்திருந்த ஹார்ட்வெயார் கடைக்காரர், இதை எழுதியது யார் என்று பொருளாளரிடம் விசாரித்தார். இன்று அந்தக் கடையின் கணக்கு அவள் கையில் இருக்கிறது. அவர் சொல்லி இன்னும் இரண்டு கடைகள் வந்தன. மரண உதவிச் சங்கம், விளையாட்டுக் கழகம், பாடசாலை அபிவிருத்திச் சங்கம் எதுவானாலும் இதே பலன் உண்டு. பொதுச் சங்கங்களுக்குச் செய்வதைச் சேவையாகவே செய்யலாம்.

கடைகளுக்கு இலவசமாகச் செய்வதை நான் ஏற்கமாட்டேன். "முதல் மூன்று மாதம் சும்மா செய்து தருகிறேன்" என்று போகிற பிள்ளையின் வேலைக்குப் பெறுமதி இல்லை என்று அவளே சொல்லிவிடுகிறாள். நான்காம் மாதம் கட்டணம் கேட்கும்போது அது கூடுதலாகவே தோன்றும். அதற்குப் பதிலாக, எல்லை தெளிவான ஒரு சிறு வேலையைச் சிறு கட்டணத்துக்குச் செய்து கொடுக்கலாம்: ஒரு மாதத்து வங்கிக் கூற்றைக் காசேட்டோடு இணக்கித் தருவது, கடன் கொப்பியைப் பட்டியலாக்குவது, ஒரு வருடத்துச் சேமலாப நிதிக் கொடுப்பனவுகள் ஒழுங்காகப் போயிருக்கின்றனவா என்று பார்ப்பது. அந்த வேலை நன்றாக முடிந்தால் மாதாந்த வேலையைப் பற்றி முதலாளியே பேச்செடுப்பார்.

வாடிக்கையாளரைக் காட்டித் தரக்கூடிய இன்னோர் இடம், பலரும் போட்டியாளர் என்று நினைத்து ஒதுங்கும் கணக்காய்வாளர் அலுவலகமாகும். வருமான வரி விபரத்திரட்டை நவம்பர் 30 ஆம் திகதிக்குள் சமர்ப்பிக்க வேண்டியிருப்பதால், அக்டோபர், நவம்பர் மாதங்களில் அந்த அலுவலகங்களுக்கு ஷொப்பிங் பைகளில் அள்ளிப்போட்ட பில்கள் வந்து குவியும். மார்ச் 31 இல் முடிந்த ஆண்டின் கணக்கை எட்டு மாதம் கழித்துக் கிழிந்த பில்களிலிருந்து கட்டியெழுப்புவது அவர்களுக்கும் தலைவேதனைதான். மாதாமாதம் பதியப்பட்ட பேரேடும், அதன் எல்லாக் கணக்குகளின் மீதிகளையும் காட்டும் பரீட்சை மீதியும் கைக்கு வருமானால் அவர்கள் மகிழ்ச்சியோடு தங்கள் வாடிக்கையாளரை அனுப்பி வைப்பார்கள். கம்பனிகளின் கணக்காய்வை அதற்குத் தகுதி பெற்ற கணக்காளர்தான் செய்யலாம் என்பதையும், கணக்குப் பதிவாளர் ஒருபோதும் தன்னை 'ஓடிட்டர்' (கணக்காய்வாளர்) என்று சொல்லிக்கொள்ளக் கூடாது என்பதையும் இளையோர் மனதில் பதித்துக்கொள்ள வேண்டும். எங்கள் ஊர்களில் பேனாவும் கல்குலேட்டரும் வைத்திருப்பவரையெல்லாம் ஓடிட்டர் என்று அழைத்துவிடுகிறார்கள். அழைப்பவர் அறியாமல் அழைக்கலாம், ஏற்றுக்கொள்பவர் அறிந்துகொண்டு ஏற்கக்கூடாது. கடைகளுக்கு வாராவாரம் வந்துபோகும் கம்பனிப் பிரதிநிதிகளும் நல்ல தூதர்கள். எந்தக் கடையில் செக் திரும்புகிறது, எந்த முதலாளி பில்களைத் தேடித் தவிக்கிறார் என்பது அவர்களுக்குத்தான் தெரியும்.

நேரில் போய்க் கேட்கும் முறையைப் பற்றி ஒரு வார்த்தை. சம்பள வாரத்திலும், ஞாயிற்றுக்கிழமை சனநெரிசலிலும், காலையில் லொறி இறங்கும் நேரத்திலும் போகக்கூடாது; வார நாளொன்றில், மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிந்திய ஓய்ந்த நேரமே நல்லது. "உங்கள் கணக்கு ஒழுங்காக இல்லை" என்று தொடங்கும் பேச்சு அங்கேயே முடிந்துவிடும். முப்பது வருடம் அந்தக் கடையை நடத்தி, பிள்ளைகளைப் படிக்கவைத்தவருக்குக் கணக்குத் தெரியாது என்று சொல்ல நாம் யார்? அவருடைய தலைக்குள் இருக்கும் கணக்கைத் தாளில் இறக்கிக் கொடுப்பதே நம் வேலை என்ற மரியாதையோடு, அவருக்குத் தொந்தரவு தரும் ஒரே ஒரு விஷயத்தைக் கேட்டு, அதை மட்டும் பேச வேண்டும். வங்கிக் கடன் விண்ணப்பத்துக்கு வருமான விபரம் கேட்கப்பட்டவர், வரி செலுத்துனர் அடையாள இலக்கம் பெற்றபின் அடுத்து என்ன செய்வதென்று தெரியாமல் இருப்பவர், திணைக்களத்திலிருந்து சிங்களத்தில் வந்த கடிதத்தைக் கையில் வைத்துக்கொண்டிருப்பவர் ஆகியோருக்குத் தேவை ஏற்கனவே எழுந்துவிட்டது. மும்மொழியிலும் ஓரளவு வாசிக்கத் தெரிந்த பிள்ளைக்கு இவ்விடத்தில் பெரிய அனுகூலம் உண்டு. பெண்பிள்ளைகள் முதற் சந்திப்புக்குத் தந்தையையோ அண்ணனையோ அழைத்துச் செல்வதை எவரும் குறைவாக நினைக்க வேண்டாம். வேலை தொடங்கியபின் பில்களை வாரம் ஒருமுறை கடையில் வாங்கி வந்து வீட்டிலிருந்தே பதியலாம் என்பதால், சிறு குழந்தை உள்ள தாய்மாருக்கும் இது இசைவான தொழில்.

முதலாளிமாரின் மனதில் இருக்கும் பெரிய தயக்கம், தங்கள் வருமானம் ஊருக்குத் தெரிந்துவிடுமோ என்பதாகும். ஒரு கடையில் கண்டதை இன்னொரு கடையில் ஒரு சொல்லாகக்கூட விடாதவரே இத்தொழிலில் நிலைப்பார். பக்கத்துக் கடைக்காரர் சிரித்துக்கொண்டே, "அங்க யாவாரம் எப்படிப் போகுது?" என்று கேட்பார், அதற்கு எந்தப் பதிலும் சொல்லாததைக் கண்டபின்தான் தன் கணக்கையும் தர அவர் முன்வருவார். இரகசியம் காப்பதை வாய்ப்பேச்சோடு விடாமல் ஒரு பக்க உடன்படிக்கையில் தமிழில் எழுதி இருவரும் கையொப்பமிடுவது நல்லது. என்ன வேலை செய்யப்படும், எது செய்யப்படாது, பில்கள் எந்த நாளில் கைக்கு வர வேண்டும், கட்டணம் எவ்வளவு, எந்த நாளில் என்பனவும் அதில் இருக்க வேண்டும். கட்டண நாளாக நான் 15 ஆம் திகதியை வைத்திருக்கிறேன். கடையில் பணம் இருக்கும் நாள் அது. கட்டணத்தை மணிக்கணக்கில் சொல்வது எங்கள் முதலாளிமாருக்குப் பிடிபடாது. மாதத்துக்கு எத்தனை சிட்டைகள், எத்தனை வங்கிக் கணக்குகள், எத்தனை ஊழியர்கள் என்று பார்த்து ஒரு நிலையான தொகையைச் சொல்வதே பொருந்தும். பழைய பில்களை ஒழுங்குபடுத்தும் வேலை இருந்தால் அதற்குத் தனியாகக் கேட்க வேண்டும், மாதக் கட்டணத்துக்குள் அதை அமுக்கிவிடக்கூடாது.

சில விஷயங்களில் நான் விட்டுக்கொடுப்பதே இல்லை. வெற்றுச் செக்கில் கையொப்பமிட்டு என்னிடம் தருவதை அனுமதிக்கமாட்டேன். வாடிக்கையாளரின் இணைய வங்கிக் கடவுச்சொல்லைக் கேட்கமாட்டேன். வரிப்பணத்தையோ சேமலாப நிதிப் பணத்தையோ என் கணக்குக்கு வாங்கிக் கட்டமாட்டேன். வங்கிக்குப் போக நேரமில்லை என்று முதலாளி எவ்வளவு வற்புறுத்தினாலும், பணம் அவருடைய கணக்கிலிருந்தே நேராகப் போக வேண்டும். விற்பனையைக் குறைத்து எழுதச் சொல்பவரிடம், அதை நான் எழுதமாட்டேன் என்று முதல் நாளே சொல்லிவிடுகிறேன். இதனால் கைவிட்டுப்போன கடைகள் உண்டு. ஆனாலும், வரி அலுவலரிடமும் வங்கியிலும் என் கையெழுத்துள்ள கணக்குக்குப் பதில் சொல்ல வேண்டியவள் நான் என்பதை என்னால் மறக்க முடியாது.

தொழிலைத் தொடங்குவதற்கான செலவு அதிகமில்லை. வியாபாரப் பெயர் ஒன்றில் நடத்துவதானால் பிரதேச செயலகத்தின் ஊடாக அதைப் பதிவு செய்துகொள்ள வேண்டும். சொந்தப் பெயருக்கும் வரி செலுத்துனர் அடையாள இலக்கம் எடுத்துவிட வேண்டும். பாவித்த ஒரு மடிகணினியும் எக்ஸெலும் தொடக்கத்துக்குப் போதும். வாடிக்கையாளர் பெருகும்போது கணக்கு மென்பொருளுக்கு மாறலாம். 1987 இலிருந்து இயங்கும் இலங்கைக் கணக்கீட்டுத் தொழில்நுட்பவியலாளர் கழகத்தின் பரீட்சைகளையோ உயர் தேசிய கணக்கியல் டிப்ளோமாவையோ வேலை செய்துகொண்டே தொடர்வது நம்பிக்கையையும் கட்டணத்தையும் உயர்த்தும். பில்களைக் கைப்பேசியில் படம் பிடித்து இணையச் சேமிப்பில் வைக்கும் பழக்கத்தை முதல் நாளிலிருந்தே கைக்கொள்ள வேண்டும். 2025 நவம்பர் இறுதியில் டித்வா சூறாவளியோடு வந்த மழையும் மண்சரிவும் எங்கள் மலைகளை உலுக்கியபோது, சேறு புகுந்த கடைகளில் சரக்கோடு கொப்பிகளும் கரைந்துபோயின. எவ்வளவு இருப்பு இருந்தது, எவர் எவ்வளவு தரவேண்டும் என்பதைச் சொல்ல ஒரு தாளும் இல்லாமல் நிற்கும் கடைக்காரரின் துயரத்தை வார்த்தையில் சொல்ல முடியாது. வெளிநாட்டு நிறுவனங்களுக்கு இணையம் வழியாகக் கணக்கெழுதுவதும் நல்ல வருமானம் தரக்கூடியதே. ஆயினும் அங்குள்ளவர்கள் தங்கள் நாட்டு வரிமுறை தெரிந்தவரையே தேடுகிறார்கள் என்பதால், உள்ளூரில் ஒன்றிரண்டு ஆண்டு அனுபவம் பெற்றபின் அதை முயல்வதே புத்திசாலித்தனம்.

இவ்வளவும் இளையோர் தாமாகச் செய்யக்கூடியவை. மற்றவர்கள் செய்ய வேண்டியவையும் உள. ஹட்டன், தலவாக்கலை, பண்டாரவளை போன்ற நகரங்களின் வர்த்தகர் சங்கங்கள், புதிய வரி ஆண்டு தொடங்கும் ஏப்ரல் மாதத்தில் ஓர் அரைநாளை ஒதுக்கி, தங்கள் அங்கத்தவர்களையும் அப்பகுதியின் கணக்குப் பதிவாளர்களையும் ஒரே மண்டபத்தில் சந்திக்க வைக்கலாம். உள்நாட்டு இறைவரித் திணைக்களத்தினதும் தொழில் திணைக்களத்தினதும் தமிழ் தெரிந்த அலுவலர் ஒருவர் அங்கே வந்து கேள்விகளுக்குப் பதில் சொன்னால், அரைநாளில் தீரும் பயங்கள் பல. சிறு வியாபாரக் கடன் வழங்கும் வங்கிக் கிளைகள், கணக்கேடு இல்லை என்று விண்ணப்பத்தைத் திருப்பியனுப்பும்போது, ஆறு மாதக் கணக்கோடு திரும்பி வாருங்கள் என்று தெளிவாகச் சொல்லி அனுப்பலாம். இன்று "முடியாது" என்ற ஒரு சொல்லோடு அனுப்பப்படுபவர், அதன்பின் கந்துவட்டிக்காரரின் வாசலுக்குத்தான் போகிறார். பாடசாலைகளில் கணக்கீடு கற்பிக்கும் ஆசிரியர்கள், பரீட்சை முடிந்து பெறுபேற்றுக்குக் காத்திருக்கும் மாதங்களில் தங்கள் மாணவரை நகரத்துக் கடையொன்றுக்கு அனுப்பி, உண்மையான பில்களைக் கொண்டு ஒரு மாதக் காசேட்டை எழுத வைக்க முடியும்.

தங்கள் பத்திரிகையிடமும் எனக்கு ஒரு வேண்டுகோள் உண்டு. சேமலாப நிதியை எப்படிக் கணிப்பது, கடன் கொப்பியை எப்படிப் பிரிப்பது, எந்தச் சிட்டைகளைப் பாதுகாக்க வேண்டும், வரி விபரத்திரட்டுக்கு எவற்றைத் தயாராக வைக்க வேண்டும் என்பவற்றைக் கடைக்காரருக்கு விளங்கும் தமிழில் சொல்லும் சிறு பத்தி ஒன்றை வாரந்தோறும் வெளியிட்டால், பலசரக்குக் கடைகளின் கல்லாவுக்குப் பக்கத்தில் நாள் முழுவதும் கிடக்கும் தங்கள் பத்திரிகை, அதே கல்லாவின் கணக்குக்கும் உதவியதாகும். தாங்கள் இணங்கினால் முதற் சில வாரங்களுக்கான விடயங்களை எழுதி அனுப்ப நான் ஆயத்தமாக இருக்கிறேன். தகுதி பெற்ற கணக்காளர் ஒருவரைக் கொண்டு அவற்றைச் சரிபார்த்த பின்னரே வெளியிடுமாறு கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
கணக்குப் பதிவாளர் ஒருவர்,
டிக்கோயா.